பாப்பாவின் மூச்சை எண்ணத் தெரியுமா?

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அது தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். சட்டையை லேசாகத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கிவிடக் கூடாது. சின்னப் பாப்பாக்கள் கொஞ்ச நேரம் வேகமாக மூச்சுவிடும், சற்றே நிறுத்தும், மறுபடி தொடங்கும். கணக்கு தப்பிவிடும்.

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் பெரியவர்கள் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கு; இல்லாவிட்டால் காட்பாடி வழியாக வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. மூச்சை எண்ணி நோயை அறியும் முறையில் அந்த வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. எக்ஸ்ரே இல்லாத கிராமத்தில் ஒரு குழந்தை இருமுகிறது. வெறும் சளியா, நெஞ்சுக்குள் இறங்கிய நோயா? எப்படித் தெரிந்துகொள்வது? அங்கிருந்த டாக்டர் தாமஸ் செரியன், வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் முதலியோர் குழந்தைகளின் மூச்சை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50க்கு மேல், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40க்கு மேல் போனால், நோய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிந்தது. 1988இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதுதான்: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு. இதற்கு ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

மூச்சு ஏன் வேகமாகிறது? மழைக்காலத்தில் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மூச்சு வாங்கிச் சேர்க்கப்படும் கைக்குழந்தைகள் பலரிடம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இருக்கும். 1956இல் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம்தான் இதை முதலில் கண்டார்கள்! அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் குழுவினர் குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கும் எனக்கும் இது வந்தால் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். பாப்பாவுக்கு அப்படியில்லை. நுரையீரலின் கடைசிக் கிளைக்குழாய்கள் அதற்கு மிக மிகச் சின்னவை. வைரஸ் புகுந்ததும் குழாயின் உட்சுவர் வீங்குகிறது. செத்த செல்களும் கோழையும் சேர்ந்து அடைக்கின்றன. மெல்லிய உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பாருங்கள், கன்னம் வலிக்கும். குழாயின் அகலம் பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்காவதில்லை. சுமார் 16 மடங்காகிறது. அதனால்தான் பாப்பா வேகவேகமாக இழுக்கிறது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. பால் குடிக்க வாய் வைத்து, மூச்சு முட்டி, விட்டுவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் இந்த வைரஸைக் கொல்ல ஊசி போடுவதில்லை. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு இல்லை. மூக்கைச் சுத்தம் செய்வார்கள், தேவைப்பட்டால் மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பார்கள், குடிக்க முடியாவிட்டால் வேறு குழாய் வழியாகப் பால் ஊட்டுவார்கள். உடம்பே போராடி வைரஸை விரட்டும்வரை துணை நிற்பதுதான் வைத்தியம். பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு வாரத்தில் தேறிவிடும்.

இந்த வைரஸ் பாப்பாவிடம் வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் அண்ணன், அக்கா மூலம்தான். வைரஸின் மேல் கொழுப்புறை உண்டு. சோப்பு அதை உடைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். சளி பிடித்திருந்தால் முத்தம் வேண்டாம். பீடிப் புகையும் அடுப்புப் புகையும் ஏற்கெனவே வீங்கிய குழாயை இன்னும் வருத்தும். அதை வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

பாப்பா இருமினால் எண்ணுங்கள். அளவைத் தொட்டாலோ, நெஞ்சில் குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே அம்மாவிடம் சொல்லுங்கள், காத்திருக்கவே வேண்டாம். டாக்டரிடம் போனதும், “தூங்கும்போது எண்ணினேன், நிமிஷத்துக்கு 58” என்று சொல்லுங்கள். அழுகிற குழந்தையிடம் அவரால் அதைச் சரியாக எண்ண முடியாது.