உங்களுக்குத் தெரியுமா? மறைந்தவர் வாசித்த ஆல்பம்!

இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட், 2008 செப்டம்பரில் புற்றுநோயால் காலமானார். ஆனால், 2014 நவம்பரில் வெளிவந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ ஆல்பம் நெடுகிலும் அவர் வாசிப்பைக் கேட்கலாம்!

1993-94இல் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்துக்காக ரைட், சக குழுவினரான டேவிட் கில்மர், நிக் மேசன் மூவரும் வாசித்துப் பார்த்தவற்றில், பயன்படாமல் போனதே இருபது மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கில்மரும் மேசனும் அந்தப் பதிவுகளைத் தேடியெடுத்து, புதிதாகக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்தார்கள். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருக்கும் பிரம்மாண்டமான குழாய் ஆர்கனை 1969இல் ரைட் வாசித்த பதிவும் ஓரிடத்தில் வருகிறது. கேட்டால் உடல் சிலிர்க்கிறது. பெரும்பாலும் வாத்திய இசைதான். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கில்மரின் மனைவி பாலி சாம்சன் வரிகள் எழுதினார்.

‘மிச்சம் மீதி’ என்று இந்த ஆல்பத்தை ஒதுக்கிய விமர்சகர்கள் உண்டு. அது நியாயமில்லை. முன்பு ‘தி வால்’ ஆல்பத்தின்போது குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு, மேடையில் சம்பளக் கலைஞராக வாசித்தவர் ரைட். அவரை நடுநாயகமாக வைத்த இந்த ஆல்பம், பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.