அழியா நஞ்சும் விளைநிலமும்

நிலையாமையைப் பாடாத புலவர் நம் நாட்டில் அரியர். இளமை நில்லாது, செல்வம் நில்லாது, யாக்கை நில்லாது என்று அவர்கள் மூன்றாக வகுத்து உரைத்தனர். கேட்போர் நெஞ்சில் துயரம் விளைக்கும் அவ்வுண்மையே, சற்று நின்று நோக்குங்கால், உலக வாழ்க்கைக்கு ஆதாரமாகவும் உளது. உதிர்ந்த இலை மட்காவிடின் மரம் மீண்டும் தளிர்ப்பது எங்ஙனம்? தொழுவத்துச் சாணமும் வீட்டுக் குப்பையும் அழுகி மண்ணோடு மண்ணாகாவிடின் வயல் விளைவது எங்ஙனம்? உழவின் பெருமை பேசிய வள்ளுவரும் ஏர்த் தொழிலுக்கு மேலாக எருவை மதித்தார். அவ்வெருவின் பயன் முழுவதும் அது அழிதலிலே அடங்கியிருக்கின்றது. அங்ஙனம் அழியாத பொருளொன்று எருவோடு கலந்து நிலத்தில் விழுந்தால் யாது நிகழும்? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டு உழவர் சிலர் தம் வாழ்க்கையினாலேயே விடை கூறியிருக்கின்றனர். அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

முதற்கண் அப்பொருள் யாதெனக் காண்போம். அது தனிப்பொருள் அன்று. ஆயிரக்கணக்கான பொருள்கள் அடங்கிய ஒரு பெருங்குடும்பம். அவற்றின் பொதுப்பெயர் மிக நீண்டதாதலின், ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டிப் பி.எப்.ஏ.எஸ். எனச் சுருக்கி வழங்குவர். கரியணுக்கள் சங்கிலிபோல் ஒன்றையொன்று பற்றி நிற்பது எண்ணெய், கொழுப்பு முதலிய பொருள்களின் இயல்பு. அவற்றில் ஒவ்வொரு கரியணுவோடும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். அந்த ஹைட்ரஜனை நீக்கி அவ்விடங்களில் புளோரின் என்னும் அணுவை அமைத்தால் பி.எப்.ஏ.எஸ். உண்டாகின்றது. கரிக்கும் புளோரினுக்கும் உள்ள பிணைப்பு, கரியணு வேறெதனோடும் கொள்ளும் ஒற்றைப் பிணைப்புக்கள் யாவற்றினும் வலியது. வெயிலும் மழையும் அதனைக் குலைக்கமாட்டா. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் அதனைத் தின்று செரிக்க அறியா. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரித்தாலன்றி அதனை அழித்தல் அரிது. ஆகவே மேனாட்டார், 'என்றும் உள்ள இரசாயனங்கள்' எனப் பொருள்படும் பெயரால் இவற்றைக் குறிக்கின்றனர்.

இவை தோன்றிய கதையும் சுவையுடையதே. 1938-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதியன்று டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ராய் பிளங்கெட் என்னும் இளைஞர் ஓர் உருளையில் அடைத்து வைத்திருந்த வாயுவைத் திறந்தார். வாயு வெளிவரவில்லை, ஆனால் உருளையின் எடையோ குறையவில்லை. வியப்புற்று உருளையை அறுத்துப் பார்க்க, உள்ளே மெழுகுபோன்ற வெண்பொடியொன்று இருக்கக் கண்டார். அதுவே டெஃப்லான். இன்று நம் வீடுகளில் மாவு ஒட்டாத தோசைக்கல்லின்மேற் பூசப்பட்டிருப்பது அதுதான். பின்னர் 1953-ம் ஆண்டில் 3எம் கம்பெனியின் சாலையில் ஒரு திரவம் தவறித் துணிச்செருப்பொன்றின்மேற் சிந்தியது. சிந்திய இடத்தில் நீரும் எண்ணெயும் அழுக்கும் பற்றவில்லை. அதிலிருந்து பிறந்த ஸ்காட்ச்கார்டு என்னும் பூச்சு 1956-ம் ஆண்டில் கடைக்கு வந்தது. அதன்பின் கம்பளம், மழைச்சட்டை, தின்பண்டம் பொதியும் காகிதம், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, குரோமிய முலாம் பூசும் தொட்டி என இக்குடும்பத்துப் பொருள்கள் புகாத இடம் இல்லையாயிற்று. அழுக்குப் படியாமையும் அழிவின்மையுமே இவற்றின் பெருமையாகப் போற்றப்பட்டன. அழிவின்மை பின்னர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாங்கியோர் எவரும் எண்ணிப் பார்த்தாரல்லர்.

இனி, இப்பொருள்கள் வயலை அடைந்த வழியை ஆராய்வோம். ஆலைகளில் முலாம் பூசிய நீரும், காகிதச் சாலைகளின் கழிவும், வீடுகளில் துணி துவைத்த நீரும் சாக்கடையிற் சேர்ந்து நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று நீரைத் தெளிவிக்கின்றன. ஆனால் பி.எப்.ஏ.எஸ். அவற்றிற்கு இரையாவதில்லை. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இக்குடும்பத்துப் பெரிய பொருள்கள் சில அந்நிலையத்திலே பாதி சிதைந்து, அதற்குமேற் சிதையாத சிறு பொருள்களாக மாறுகின்றன. அதனால் நிலையத்துள் நுழைந்த நீரிற் கண்ட அளவினும் வெளியேறும் நீரிற் கண்ட அளவு மிகுதியாதலும் உண்டு. நீண்ட சங்கிலியுடையவை பெரும்பாலும் அடியில் தங்கும் கசட்டிற் பற்றிக்கொள்கின்றன. குறுகியவை நீரோடு ஆற்றுக்குச் செல்கின்றன.

அக்கசட்டை என் செய்வது? நகரம் உள்ளளவும் கசடும் உண்டு. அதில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் நிரம்ப உள்ளன. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரத்தார் 1926-ம் ஆண்டு முதற்கொண்டே தம் கசட்டை உலர்த்தி எருவாக விற்றுவந்தனர். ஆறுகளைக் காக்க 1972-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இயற்றிய சட்டத்தால் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின, கசடும் பெருகியது. கடலிற் கொட்டுதலை 1988-ம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. எனவே வயலில் இடுவதே சிறந்த வழி என அறிஞரும் அதிகாரிகளும் கூறினர். 1993-ம் ஆண்டில் அதற்கு விதிகள் வகுத்தபோது ஈயம், காட்மியம், ஆர்செனிக் முதலியவற்றிற்கும் நோய்க்கிருமிகளுக்கும் வரம்பு கட்டினர். பி.எப்.ஏ.எஸ். என்னும் பெயரே அவ்விதிகளில் இடம்பெறவில்லை. உழவருக்கோ, இலவசமாகவோ குறைந்த விலைக்கோ எரு வயல்வாயிலுக்கே வந்தது. அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டும் உடன் வந்தது. ஐயுறுதற்கு அவர்களுக்குக் காரணம் யாது?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில் இதன் பயன் வெளிப்பட்டது. அருண்டெல் என்னும் ஊரிலுள்ள ஒரு பால்பண்ணையில் பல ஆண்டுகள் கசடு பரப்பப்பட்டிருந்தது. 2016-ம் ஆண்டில் அப்பண்ணைக்கு அருகேயுள்ள குடிநீர்க் கிணற்றைச் சோதித்தபோது பி.எப்.ஏ.எஸ். காணப்பட்டது. அதன் தடம்பற்றிச் செல்ல மண்ணிலும், அம்மண்ணில் முளைத்த புல்லிலும், அப்புல்லைத் தின்ற பசுவின் பாலிலும் அதுவே இருந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பால் வியாபாரம் நின்றது. 2021-ம் ஆண்டின் இறுதியில் யூனிட்டி என்னும் ஊரில் காய்கறி பயிரிட்டு வந்த ஓர் இளந்தம்பதியர் தம் கிணற்று நீரைச் சோதித்தனர். மாநிலம் வகுத்த வரம்பைப்போல் சுமார் 400 மடங்கு நஞ்சு அதில் இருந்தது. அவர்கள் அந்நிலத்தை வாங்கியதோ 2014-ம் ஆண்டில். கசடு இடப்பட்டதோ 1990-களில். தாம் இடாத எருவின் பயனைத் தாம் அருந்திய நீரிலே கண்டனர். எவரும் கட்டாயப்படுத்தாதிருக்கவும் அவர்கள் தாமாகவே விற்பனையை நிறுத்தினர். வாங்கி உண்பவர் தம்மை நம்புகின்றனர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. இச்செயலை நாம் எத்துணைப் பாராட்டினும் தகும்.

வரம்பு என்றோமே, அஃது எத்துணைச் சிறிது என்பதை அறிதல் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஏரியை நினைத்துக்கொள்க. அதில் 100 கோடி லிட்டர் நீர் அடங்கும். மெயின் மாநிலம் 2021-ம் ஆண்டில் இவ்வினத்துப் பொருள்கள் ஆறுக்கும் கூட்டாக விதித்த குடிநீர் வரம்பின்படி அவ்வேரி முழுவதிலும் 20 கிராம் இருக்கலாம், மிகலாகாது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க மத்திய அரசாங்கம் பி.எப்.ஓ.ஏ., பி.எப்.ஓ.எஸ். என்னும் இரண்டிற்கும் தனித்தனியே விதித்த வரம்போ 4 கிராம். அஃதாவது, ஏரிநீர் முழுவதற்கும் அரைச்சவரன் எடை! நகரங்கள் இதனை நிறைவேற்றுதற்குரிய காலத்தை 2031 வரை நீட்டிக்கக் கருதுவதாக 2025-ம் ஆண்டு மே மாதத்தில் அவ்வரசாங்கம் அறிவித்தது.

இத்துணைச் சிறிய அளவிற்கு அஞ்சுவானேன் எனச் சிலர் வினவலாம். உடலுட் புகுந்தது விரைவில் வெளியேறுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் இரத்தத்திலுள்ள பி.எப்.ஓ.ஏ. பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு ஆண்டு செல்லும்; பி.எப்.ஓ.எஸ். குறைய ஐந்தாண்டளவும் ஆகும். நாள்தோறும் சிறிது புகுந்தால் சேர்ந்துகொண்டே போம். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி ஈண்டுத் தீமைக்கும் பொருந்துவதாயிற்று. மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கருகே தம் பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதைக் கண்ட உழவர் ஒருவர் ராபர்ட் பிலட் என்னும் வழக்கறிஞரை நாடினார். 1999-ம் ஆண்டில் டூபாண்ட் கம்பெனியின்மேல் வழக்குத் தொடரப்பட்டது. அதிலிருந்து கிளைத்த மற்றொரு வழக்கின் முடிவாக சுமார் 69,000 மக்களின் உடல்நிலை ஆராயப்பட்டது. சிறுநீரகப் புற்று, விதைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடற் புண், இரத்தத்திற் கொழுப்பு மிகுதல், கருவுற்ற காலத்து இரத்த அழுத்தம் ஆகிய ஆறும் பி.எப்.ஓ.ஏ.வோடு தொடர்புடையனவாதல் கூடும் என மூவர் அடங்கிய நிபுணர் குழு 2012-ம் ஆண்டளவில் முடிவு கூறியது. 2023-ம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்று விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பி.எப்.ஓ.ஏ.வைச் சேர்த்தது.

ஆயினும் அச்சத்தை மிகைப்படுத்துதலும் அறிவுடைமை அன்று. கசட்டில் 100 கோடிப் பங்கில் ஒரு பங்கு இருந்தாலும் தீங்கு நேரலாம் என்று 2025-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தார் வெளியிட்ட வரைவறிக்கை கூறியது. அவ்வறிக்கையே, அத்தீங்கு அந்நிலத்திலோ அதனருகிலோ வாழ்ந்து அதன் விளைவையே பெரிதும் உண்பவர்க்கு உரியது. நாட்டின் உணவு முழுவதையும் பற்றியதன்று எனவும் தெளிவாக்கியது. அஃதாவது, முதலில் துன்புறுபவர் உழவரும் அவர்தம் மக்களுமேயாவர். ஊரார் கழிவை ஏற்று ஊரார்க்கு உணவளித்தவருக்குக் கிடைத்த கைம்மாறு இது!

பரிகாரம் யாது? மெயின் மாநிலம் 2022-ம் ஆண்டில் கசட்டை நிலத்தில் இடுதலை அறவே விலக்கியது. அங்ஙனம் விலக்கியதில் அம்மாநிலமே முதன்மையானது. 700க்கு மேற்பட்ட இடங்களைச் சோதிக்கவும், துன்புற்ற உழவருக்கு உதவவும் முற்பட்டது. உதவிக்கென 6 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல செய்திகளும் சில உள. சுத்தமான தீனியும் நீரும் கொடுத்தால் மாதங்கள் செல்லச் செல்லப் பசுவின் பாலில் நஞ்சு குறைகின்றது. புல்லும் கீரையும் மிகுதியாக ஏற்குமிடத்தும் தானிய மணிகள் குறைவாகவே ஏற்கின்றன. ஆதலின் பயிரை மாற்றிச் சில நிலங்களைக் காத்துக்கொள்ளலாம். கிணற்று நீரைக் கரிப்பொடி வழியே வடித்தும் தூய்மையாக்கலாம். ஆனால் பரந்த வயலின் மண்ணைக் கழுவுதற்கு எளிய வழி இல்லை.

தடைச் சட்டத்தாலும் கசடு மறைந்துவிடவில்லை. 2023-ம் ஆண்டில் மெயின் மாநிலத்துக் குப்பைமேடுகளில் அதற்கு இடம் போதாமல், எல்லை கடந்து கனடா தேசத்து நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திற்கு லாரிகளில் ஏற்றிச்சென்றனர். ஓரிடத்தில் விலக்கியது வேறோரிடத்திற்குச் சென்றதேயன்றி அழிந்ததன்று.

மிச்சிகன் மாநிலத்தார் வேறொரு வழியைக் கண்டனர். 2018-ம் ஆண்டு முதல் அவர்கள் சாக்கடையின் போக்கை எதிர்த்துச் சென்று, நஞ்சு எந்த ஆலையிலிருந்து புறப்படுகின்றது எனத் தேடினர். பல இடங்களில் குரோமிய முலாம் பூசும் சாலைகளே மூலமாயின. அச்சாலைகளின் வாயிலிலேயே கரிவடிகட்டி அமைத்ததும் லபீர் முதலிய நகரங்களின் கழிவுநீரில் பி.எப்.ஓ.எஸ். பெரிதும் குறைந்தது. 2021-ம் ஆண்டில், 100 கோடிப் பங்கில் 150 பங்குக்கு மேல் அப்பொருள் உள்ள கசட்டை வயலில் இடலாகாது என விதித்து, பின்னர் அவ்வரம்பையும் குறைத்தனர். உலக நாடுகளும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் 2009-ம் ஆண்டில் பி.எப்.ஓ.எஸ். என்பதையும் 2019-ம் ஆண்டில் பி.எப்.ஓ.ஏ. என்பதையும் கட்டுப்படுத்த இசைந்தன.

இவ்வரலாற்றால் நாம் அறிவது ஒன்று. அழியும் பொருளைத் தவறிச் சிந்தினால் காலம் அத்தவற்றைத் துடைத்துவிடும். மண் பொறுத்து மன்னித்துவிடும். அழியாத பொருளுக்கு அம்மன்னிப்பு இல்லை. அதனைப் பிறந்த இடத்திலேயே தடுத்தல் வேண்டும். பரந்தபின் தேடுதல், கடலிற் கரைந்த உப்பைக் கையால் திரட்டுதல் போலாம். யூனிட்டியில் அவ்விளந்தம்பதியர் அருந்திய நீர் தெளிவாகவே இருந்தது, சுவையிலும் குறைவில்லை. இருபதாண்டுகளுக்கு முன் யாரோ நல்லெண்ணத்தோடு இட்ட எருவே அதில் கரைந்திருந்தது. புதிதாக ஒரு பொருளைப் படைப்போரை நாம் இதுவரை, 'இஃது எத்துணைக் காலம் உழைக்கும்?' என்றே கேட்டு வந்தோம். உழைத்து முடிந்தபின் அது மண்ணாகுமா என்பதையும் இனிக் கேட்போமாக.