ஈறு நலமும் இதய நலமும்

ஈறு நோய்க்கும் இதயக் குழாய் நோய்களுக்கும் இடையே உள்ள தொடர்பு 1989-க்குப் பிறகு பரவலாக ஆராயப்பட்டு வருகிறது. அவ்வாண்டில் பின்லாந்து நாட்டு மருத்துவர் மட்டிலாவும் அவரது குழுவினரும், மாரடைப்பு வந்தவர்களின் வாய் நலம் மற்றவர்களைவிட மோசமாக இருந்ததைக் கண்டு எழுதினர்.

பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய பாக்டீரியாப் படலம் சரியாகத் துலக்கப்படாவிட்டால், ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசியும். இது ஈறு அழற்சி. முறையாகத் துலக்கினால் குணமாகிவிடும். நாட்பட்டால் படலம் கெட்டியாகிக் காரையாகிறது. ஈறு பல்லை விட்டு விலகிப் பை போன்ற குழி உண்டாகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. இந்நிலையில் மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடலெங்கும் அழற்சி கூடி, சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவு உயர்கிறது. இதயத் தமனிகளில் படியும் கொழுப்புத் திட்டுகளில், ஈறு நோய்க் கிருமியான போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸின் மரபணுத் தடயங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

அப்படியானால் ஈறு நோய்தான் மாரடைப்புக்குக் காரணமா? அப்படிச் சொல்ல இயலாது. புகையிலையும் நீரிழிவும் இரண்டு நோய்களையும் வளர்ப்பவை. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாது என அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. 120 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர ஈறு சிகிச்சைக்கு மறுநாள் இரத்தக் குழாய்களின் விரியும் திறன் குறைந்தது. ஆறு மாதத்தில் முன்னைவிட மேம்பட்டது. மாரடைப்பு குறைந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. "பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது" என்று வாட்சப்பில் வரும் செய்திகளை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

நேரடித் தொடர்பு தெளிவாக உள்ள நோய் ஒன்று உண்டு: இதய உட்சவ்வு அழற்சி. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் இரத்தம் வழியே சென்று, பழுதுபட்ட அல்லது செயற்கையான இதய வால்வில் குடியேறுகின்றன. செயற்கை வால்வு பொருத்தியவர்களும், முன்பு இந்நோய் வந்தவர்களும் பல் பிடுங்கும் முன் நோய் எதிர்ப்பு மருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பல் மருத்துவரிடம் இதயச் சிகிச்சை பற்றி முதலிலேயே கூற வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது பேராபத்து.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் பீடியும், கன்னத்தில் அடக்கும் புகையிலையும் பலருக்குப் பழக்கம். புகைபிடிப்பவரின் ஈற்றில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் வராது. "எனக்கு ஈறு நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவர் நினைப்பார். பல் ஆடத் தொடங்கிய பிறகே தெரியவரும். நேர்மாறான தவறும் உண்டு. இரத்தம் வந்தால் பிரஷை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்றே என் மாணவர்களில் பலர் எண்ணியிருந்தார்கள். மென்மையான பிரஷால் அங்கேதான் கவனமாகத் துலக்க வேண்டும். செங்கல் தூளும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு சிகிச்சையால் கிடைக்கும் பலன் இன்னும் உறுதியானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, ஈறு சிகிச்சைக்குப் பின் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை பெறுபவர்கள், ஆண்டுக்கொரு முறையாவது ஈற்றையும் காட்டிக்கொள்வது நல்லது. இப்பகுதியினர் புறநகர் ரயிலில் சென்னைக்கு வந்து, கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

இறுதியாக, மாரடைப்பின் வலி சிலருக்குக் கீழ்த்தாடையில் தோன்றும். நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் தாடை வலியைப் பல்வலி என்று எண்ணிக் கிராம்புத் தைலம் தடவிக் காத்திருக்கக் கூடாது. வியர்வை, மூச்சிறைப்பு, நெஞ்சு இறுக்கம் சேர்ந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.