கல்லூரி ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சி

கல்லூரி ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சி என்பது கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றும் உதவிப் பேராசிரியர்கள், இணைப் பேராசிரியர்கள் முதலியோர் தம் வகுப்பறைப் பணியைச் செம்மைப்படுத்திக்கொள்வதற்காக நடத்தப்படும் குறுகிய காலப் பயிற்சிகளையும் பட்டறைகளையும் குறிக்கும். இந்தியாவில் இவை அறிமுகப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி, ஆசிரியர் மேம்பாட்டு நிகழ்ச்சி எனப் பல பெயர்களில் நடைபெறுகின்றன. பாட அறிவைப் புதுப்பித்தல், பாடம் நடத்தும் முறை, வினாத்தாள் அமைத்தல், மதிப்பீடு, ஆய்வு முறையியல் ஆகியவை இவற்றின் முதன்மையான உள்ளடக்கமாகும்.

பயிற்சியின் தேவை

இந்தியாவில் பள்ளி ஆசிரியராக விரும்புபவர் கல்வியியல் பட்டயமோ பி.எட். பட்டமோ பெற்றிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும். பி.எட். பயிலும்போது உண்மையான பள்ளி ஒன்றில் பல வாரங்கள் பாடம் நடத்திக் காட்டுவதும் கட்டாயமாகும்.

கல்லூரி ஆசிரியருக்கு இத்தகைய நிபந்தனை இல்லை. முதுகலைப் பட்டத்துடன் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ வெற்றி பெற்றவரும், முனைவர் பட்டம் பெற்றவரும் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல் கல்லூரிகளில் முதுநிலைப் பொறியியல் பட்டமே அடிப்படைத் தகுதி. தகுதித் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய வினாக்கள் இடம்பெறுகின்றன. ஆயினும் அவை சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களே. வகுப்பின் முன் நின்று பாடம் நடத்திக் காட்டும் தேர்வு அதில் இல்லை. எனவே பெரும்பாலான புதிய ஆசிரியர்கள் தாம் கற்பிக்கப்பட்ட முறையையே தம் மாணவர்களிடமும் பின்பற்றுகின்றனர்.

வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் பின்னணி மாறி வருவதால் இந்த இடைவெளி முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. இவர்களில் பலர் தமிழ்வழியில் பயின்றவர்கள். தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியபோதிலும், பெரும்பாலான பொறியியல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் முதல் பருவத்திலேயே நிலுவைத் தாள்களைச் சேர்த்துக்கொள்வதற்கு அவருடைய திறன் குறைவு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பாடம் எந்த வேகத்தில், எந்த மொழியில், எந்த வரிசையில் நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரலாறு

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, புதிதாகப் பணியேற்கும் விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி தேவை என்பதைச் சுட்டிக்காட்டியது. தொழில்நுட்பக் கல்வியில் இப்பணி முன்னரே தொடங்கியது. பலதொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகச் சென்னை, போபால், கொல்கத்தா, சண்டிகர் ஆகிய நான்கு நகரங்களில் 1960களில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நிறுவப்பட்டன. பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் உயர்படிப்பு பயில உதவும் தர மேம்பாட்டுத் திட்டம் 1970இல் தொடங்கப்பட்டது.

உயர்கல்வி ஆசிரியர்கள் குறித்து ஆராய்ந்த இரண்டாவது தேசிய ஆசிரியர் ஆணையம் ரயிஸ் அகமது தலைமையில் 1983 முதல் 1985 வரை செயல்பட்டது. அதையடுத்து வந்த 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக, பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் கல்விப் பணியாளர் கல்லூரிகளை அமைத்தது. இவற்றில் அறிமுகப் பயிற்சி 4 வாரங்கள், அதாவது 24 வேலை நாள்களில் 144 மணி நேரம் நடந்தது. புத்தாக்கப் பயிற்சிக்கு 3 வாரங்கள், 108 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அறிமுகப் பயிற்சியில் சமூகமும் கல்வியும், கல்வித் தத்துவமும் கற்பித்தல் முறையும், அறிவு வளங்கள், மேலாண்மையும் ஆளுமை வளர்ச்சியும் என நான்கு பகுதிகள் இருந்தன.

கல்விப் பணியாளர் கல்லூரிகள் பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. 2014 டிசம்பர் 25இல் பண்டித மதன்மோகன் மாளவியா பெயரில் ஆசிரியர்களுக்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 2023 செப்டம்பரில் இம்மையங்கள் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற இன்றைய பெயரைப் பெற்றன. தலைமைப் பண்பு, ஆய்வு, திறன் மேம்பாடு, மாணவர் பன்மை, தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட 8 பொருள்களில் இப்போது பயிற்சி நடக்கிறது.

தமிழ்நாட்டில் பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள்

சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மானியக் குழுவின் பயிற்சி மையங்கள் செயல்பட்டு வந்துள்ளன. கலை, அறிவியல் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் இவற்றையே நாடுகின்றனர்.

தொழில்நுட்பக் கல்விக்குச் சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் முதன்மையானது. 1964இல் தொடங்கிய இந்நிறுவனம் தென்மாநிலங்களின் பலதொழில்நுட்பக் கல்லூரி, பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடத்திட்ட வடிவமைப்பு, கற்பித்தல் முறை, மதிப்பீடு ஆகியவற்றில் பயிற்சி தருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கற்பித்தல் கற்றல் மையம் ஒன்று உள்ளது.

இணைய வழியிலும் பயிற்சிகள் உள்ளன. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் புதிய ஆசிரியர்களுக்காக வகுத்த 8 பாடக்கூறுகள் ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. அக்கழகத்தின் அடல் அகாதமி ஒரு வார காலப் பயிற்சிகளுக்கு நிதி தருகிறது. 2018இல் தொடங்கிய அர்பித் திட்டத்தில், 40 மணி நேர இணையப் பயிற்சியை முடித்துத் தேர்வில் வென்றால் அது ஒரு புத்தாக்கப் பயிற்சிக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது.

சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர் பகுதி

சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அமைந்துள்ள சுங்குவார்சத்திரம், கடந்த இருபது ஆண்டுகளில் பெரும் தொழிற்பகுதியாக வளர்ந்துள்ளது. சாம்சங் நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் ஆலையும் பாக்ஸ்கான் நிறுவனத்தின் கைப்பேசி ஆலையும் இங்கு உள்ளன. அருகில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலையும், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர் ஆலைகளும் இயங்குகின்றன. இதே நெடுஞ்சாலையை ஒட்டிப் பென்னலூர், தண்டலம் முதலிய ஊர்களில் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக அமைந்துள்ளன. திருப்பெரும்புதூரில் 1993இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று.

ஆலையும் கல்லூரியும் ஒரே சாலையில் இருப்பதால் இப்பகுதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இருவகைப் பயிற்சி தேவைப்படுகிறது. முதலாவது, தானியங்கி எந்திரங்கள், உணரிகள், தரக் கட்டுப்பாடு போன்றவற்றில் தொழிற்சாலை நடைமுறையை அறிந்துகொள்ளும் பயிற்சி. இரண்டாவது, அறிந்ததை மாணவருக்குப் புரியவைக்கும் பயிற்சி. முதல் வகைக்கு ஆலைப் பார்வையும் தொழில்நுட்ப வல்லுநர் உரையும் ஓரளவு உதவும். இரண்டாவது வகையை ஆசிரியர் தாமே செய்து பார்த்துத்தான் கற்க முடியும். ஒரு பொறியாளர் தம் துறையில் எவ்வளவு தேர்ந்தவராயினும், அத்துறையை முதன்முதலாகக் கேட்கும் பதினெட்டு வயது மாணவருக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்பதை அறிவது தனித் திறனாகும்.

பட்டறையில் கற்பிக்கப்படுபவை

கற்றல் விளைவுகளை எழுதுதல்: 'மாணவர் வெப்ப இயக்கவியலைப் புரிந்துகொள்வார்' என்பது அளக்க முடியாத நோக்கம். 'கொடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு ஒரு டீசல் எந்திரத்தின் வெப்பத் திறனைக் கணக்கிடுவார்' என்பது அளக்கக் கூடியது. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்டு, 2001இல் திருத்தப்பட்ட படிநிலை வகைப்பாடு இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிலையான உறுப்பினரானபின், பொறியியல் கல்லூரிகள் தர அங்கீகாரம் பெற இம்முறையில் பாடத்திட்டம் எழுதுவது இன்றியமையாததாயிற்று.

நுண்நிலைக் கற்பித்தல்: 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையை பி.எட். படித்தவர்கள் நன்கு அறிவர். ஆசிரியர் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு சிறு குழுவிற்குப் பாடம் நடத்துவார். இந்திய வடிவத்தில் கற்பித்தல் 6 நிமிடம், கருத்துரை 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறு கருத்துரை 6 என மொத்தம் 36 நிமிடங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர்கூடத் தம் பாடத்தின் ஒளிப்பதிவைப் பார்க்கும்போது, தாம் கேட்ட கேள்விக்குத் தாமே விடை சொல்லிவிடுவதைக் கண்டுகொள்ள இது வாய்ப்பளிக்கிறது.

சக மாணவர் வழிக் கற்றல்: ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. ஆசிரியர் சிறிது நேரம் விளக்கியபின் கருத்து சார்ந்த வினா ஒன்றைக் கேட்பார். எடுத்துக்காட்டாக, 'இரவு முழுதும் ஒரே அறையில் கிடந்த இரும்புக் கம்பி, மரக்கட்டை இரண்டில் எதன் வெப்பநிலை குறைவு?' எனக் கேட்கலாம். இரும்பு தொட்டால் குளிர்வதால், பலர் இரும்பு என்பர். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. இரும்பு கையிலிருந்து வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால்தான் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. மாணவர்கள் முதலில் தனியாக விடையளித்து, பின் அருகில் இருப்பவருடன் வாதிட்டு, மீண்டும் விடையளிப்பர். தமிழ்வழி மாணவர் தம் மொழியிலேயே பேசி விளங்கிக்கொள்ள இந்தச் சில நிமிடங்கள் இடமளிக்கின்றன. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. விரல்களை உயர்த்திக் காட்டினாலே போதும்.

மதிப்பீடு: பருவத் தேர்வுக்குக் காத்திராமல், வகுப்பின் முடிவில் 'இன்று புரியாதது எது?' என ஒரு தாள்துண்டில் எழுதி வாங்குவது போன்ற எளிய முறைகள் கற்றுத்தரப்படுகின்றன.

பயன் குறித்த ஆய்வுகள்

மாணவரை ஈடுபடுத்தும் கற்பித்தலுக்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் பிரீமன் குழுவினர் 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 34 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர். மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் அது 22 விழுக்காடாக இருந்தது.

ஆனால் பட்டறைக்குச் சென்று வந்த ஆசிரியர் உண்மையில் மாறுகிறாரா என்பது வேறு கேள்வி. டயான் ஈபர்ட்-மே குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற உயிரியல் ஆசிரியர்களில் 89 விழுக்காட்டினர் தம் பாடத்தில் மாற்றம் செய்ததாகக் கூறினர். அவர்களின் வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தபோது 75 விழுக்காட்டினர் விரிவுரை முறையிலேயே நடத்தி வந்தனர். பட்டறையில் தெரிந்துகொண்டதை வகுப்பில் பழக்கமாக்கத் தொடர்ந்த துணை தேவை என்பதை இது காட்டுகிறது.

மாணவர்களின் எண்ணமும் ஒரு தடையாகலாம். ஆர்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஈடுபாட்டு முறையில் பயின்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தும், தாம் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். சரளமான விரிவுரை, புரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தரவல்லது.

குறைகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்கு உயர 21 நாள் அறிமுகப் பயிற்சியும் வேறு பயிற்சிகளும் முடித்திருக்க வேண்டும். பயிற்சியைப் பதவி உயர்வுடன் இணைத்ததால் அனைவரும் பயிற்சிக்கு வருகின்றனர். அதனாலேயே சான்றிதழுக்காக மட்டும் வருவோரும் உண்டு. கற்பித்தல் முறை பற்றிய வகுப்பே நாள் முழுதும் ஒருவழி விரிவுரையாக நடப்பது அடிக்கடி சுட்டப்படும் முரண்பாடாகும். ஒளிக்கருவி மூடப்பட்ட இணையப் பயிற்சியில் பங்கேற்பாளர் கவனிக்கிறாரா என்பதை அறியவும் வழியில்லை.

தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு வேறு இடர்களும் உள்ளன. பணி நாள்களில் விடுப்புக் கிடைப்பது அரிது. தர அங்கீகாரப் பணி, மாணவர் சேர்க்கைப் பணி ஆகியவை வகுப்புத் தயாரிப்பு நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்கள் பெருமளவில் பாடம் நடத்துகின்றனர். பதவி உயர்வை ஒட்டி அமைந்த பயிற்சி முறை அவர்களைக் கருத்தில் கொள்வதில்லை.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றல், கற்பித்தல் ஆய்வு மையத்தை நிறுவியது. இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டு டியரிங் அறிக்கைக்குப் பின், புதிய விரிவுரையாளர்கள் பணியில் இருந்துகொண்டே கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பை முடிப்பது பரவலான வழக்கமாயிற்று. இலங்கையில் கொழும்பு, யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பணியாளர் மேம்பாட்டு மையங்கள், தகுதிகாண் நிலையில் உள்ள விரிவுரையாளர்களுக்குப் பணி உறுதிக்கு முன் கற்பித்தல் பயிற்சி அளிக்கின்றன. சில நாள்களில் முடிந்துவிடாமல் பணியோடு சேர்ந்தே நடப்பதால், பயிற்சி பெறுபவர் கற்றதை அடுத்த வகுப்பிலேயே செய்து பார்க்கவும், சரிவராததை மறுமுறை வந்து கேட்கவும் இத்தகைய ஏற்பாடுகளில் முடிகிறது.