சம்பள ஃபைல் லாக் ஆகிடுச்சு, பி.எஃப். கட்ட மூணே நாள்: ஒரு புயல் சொல்லிக்கொடுத்த பாடம்

வழக்கமா எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபைல் பத்திப் பேசப் போறோம். சம்பந்தம் இருக்கு. உங்க சம்பளம், பி.எஃப்., டி.டி.எஸ். எல்லாம் ஏதோ ஒரு ஆபீஸ் ஃபைல்ல தான் உட்கார்ந்திருக்கு.

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை ராத்திரி. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அப்போ நான் ஈ.சி.ஆர். ரோட்டுல ஒரு ரிசார்ட்ல அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டு இருந்தேன். திங்கட்கிழமை காலைல செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல. அடி வாங்கினது சம்பள ஃபைல்.

எங்க சம்பளப் பதிவேடு முழுசும் ஒரே ஒரு எம்.எஸ். ஆக்சஸ் ஃபைல். ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஷேர் ஃபோல்டர் போட்டு, நாலு பேர் ஒரே நேரத்துல திறப்போம். வெள்ளிக்கிழமை அதை மூடாமலே கிளம்பிட்டோம். கரண்ட் போச்சு. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாசம் ஆகியிருந்துச்சு. காலைல திறந்தா முதல்ல "வேற ஒருத்தர் பயன்படுத்துறார்"னு வந்துச்சு. அப்புறம் "இந்த ஃபைல் வடிவம் புரியல"ன்னுடுச்சு.

பி.எஃப். கட்ட நாம அப்லோடு பண்ற ஃபைலுக்கும் ஈ.சி.ஆர்.னு தான் பேரு. ஈ.சி.ஆர். ரோட்டுல உட்கார்ந்துகிட்டு ஈ.சி.ஆர். போட முடியல! நவம்பர் சம்பளத்துக்கான கடைசி நாள் டிசம்பர் 15. கையில மூணே நாள்.

ஒரு நாள் தாமதத்தோட விலை என்ன?

ஒரு கணக்கு போடுவோம். 40 பேர், எல்லாருக்கும் பேசிக் 15,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. ஊழியர் பங்கு 12 சதவீதம், அதாவது ஆளுக்கு 1,800. மொத்தம் 72,000 ரூபாய்.

இது ஊழியர் சம்பளத்துல பிடிச்ச பணம். அதைக் கெடுவுக்குள்ள கட்டலன்னா, கம்பெனி வருமான வரியில அந்தத் தொகையைச் செலவாக் காட்டவே முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் செக்மேட் சர்வீசஸ் வழக்குல தீர்ப்பு சொன்னது 2022 அக்டோபர் 12. புயலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி தான். அப்போ இருந்த விதிப்படி, 25 சதவீத வரி, அது மேல 4 சதவீத செஸ் கட்டின கம்பெனிக்கு அந்த 72,000-க்கு 18,720 ரூபாய் கூடுதல் வரி. ஒரு நாள் லேட்டாகியிருந்தாலும் அதே தான். போதாததுக்கு வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, அபராதம் வேற.

மேனேஜர் சார் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, வியாழக்கிழமைக்குள்ள முடியுமா முடியாதா?"

நாங்க செஞ்சது, வரிசையா

நான் ரிப்பேர் பட்டனை அழுத்தப் போனேன். சர்வீஸ் அண்ணன் போன்ல கத்தினார்: "கை வைக்காதீங்க தம்பி! காப்பி எடுத்தீங்களா?"

1. எல்லாரும் வெளியே வாங்க. நாலு கம்ப்யூட்டர்லயும் ஆக்சஸை மூடினோம். ஒருத்தர் உள்ளே இருந்தாலும் ரிப்பேர் நடக்காது.

2. அசலைத் தொடாதீங்க. உடைஞ்ச ஃபைலை அப்படியே பென் டிரைவ்ல ஒரு காப்பி, இன்னொரு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி. இனி எல்லா வைத்தியமும் காப்பிக்குத் தான். ரிப்பேர் பண்றப்போ படிக்க முடியாத வரிகளை ஆக்சஸ் தூக்கிப் போட்டுடலாம். அசல் கையில இருந்தா தான் இன்னொரு வழி பார்க்க முடியும்.

3. லாக் ஃபைலைப் பாருங்க. ஆக்சஸ் ஃபைலை யாராவது திறந்ததும், பக்கத்துலயே அதே பேர்ல எல்.ஏ.சி.சி.டி.பி.னு முடியுற ஒரு குட்டி ஃபைல் முளைக்கும். கடைசி ஆள் வெளியே போனதும் தானா அழிஞ்சிடும். கரண்ட் கட் ஆனா அழியாம நிக்கும். அதை நோட்பேட்ல திறந்தா எந்தெந்த கம்ப்யூட்டர் உள்ளே வந்துச்சுன்னு தெரியும். ஆனா வெளியே போனவங்க பேரும் அதுல இருக்கலாம், உடனே யாரையும் திட்டாதீங்க! யாரும் உள்ளே இல்லைன்னு உறுதியானா அதை அழிச்சிடலாம். அழிக்க விடலன்னா எங்கேயோ ஒரு மெஷின் இன்னும் பிடிச்சு வச்சிருக்கு. ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டர்ல, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் உள்ள "ஓப்பன் ஃபைல்ஸ்" பகுதியில அது யாருன்னு தெரிஞ்சிடும்.

4. காம்பேக்ட் அண்ட் ரிப்பேர். காப்பியில இதை ஓட்டினோம். ஃபைல் திறந்துச்சு. ஆனா சில வரிகள்ல சீன எழுத்து மாதிரி குப்பை.

5. புது ஃபைலுக்குக் குடி மாறுங்க. காலியா ஒரு புது ஆக்சஸ் ஃபைல் உருவாக்கி, பழசுல இருந்து ஒவ்வொரு டேபிளா இம்போர்ட் பண்ணினோம். ஒரு டேபிள் பாதியில நின்னுடுச்சு. நல்லா இருந்த வரிகளை மட்டும் பகுதி பகுதியா காப்பி பண்ணினோம்.

ரெண்டு பேரோட நவம்பர் கணக்கு மட்டும் திரும்பி வரவே இல்ல. செக்யூரிட்டி ரூம்ல இருந்த பேப்பர் அட்டெண்டன்ஸ் நோட்டு தான் காப்பாத்துச்சு. 14-ஆம் தேதி ராத்திரி சலான் கட்டி முடிச்சோம்.

மறுபடி வராம இருக்க

- ஃபைலை ரெண்டாப் பிரிங்க. டேபிள் மட்டும் ஷேர் ஃபோல்டர்ல. ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல.
- வைஃபைல வேலை செய்யாதீங்க, கேபிள் போடுங்க. எழுதிட்டு இருக்கும்போது சிக்னல் அறுந்தா ஃபைல் உடையலாம்.
- ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி ஒத்திசைவு ஃபோல்டர்ல ஆக்சஸ் ஃபைலை வச்சு நாலு பேர் திறக்காதீங்க.
- தினமும் ஒரு பேக்கப். மாசம் ஒரு தடவை அந்த பேக்கப் திறக்குதான்னும் பாருங்க.
- யு.பி.எஸ். பேட்டரி. எங்களுக்கு ஆனது 1,100 ரூபாய். 18,720 எங்கே, 1,100 எங்கே!

எக்செல், டேலி வச்சிருக்கிறவங்களுக்கும் இதே விதி தான். எக்செல்ல லாக் ஃபைல் அலைக்குறி, டாலர் குறியோட ஆரம்பிக்கும், மறைஞ்சிருக்கும். டேலியிலயும் ரிப்பேர் வசதி இருக்கு, ஆனா முதல்ல பேக்கப்.

பழி யார் மேல?

அந்த மூணு நாளும் ஆபீஸ்ல ஓடின இன்னொரு கேள்வி: "கடைசியா திறந்தது யாரு?" இது சின்ன விஷயம் இல்ல. பிரிட்டன்ல தபால் நிலையங்களுக்கு ஹொரைசன்னு ஒரு கணக்கு மென்பொருள் கொடுத்தாங்க. அதுல இருந்த பிழைகளால, இல்லாத பணக் குறைவு கணக்குல காட்டுச்சு. 1999-ல இருந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல தண்டிக்கப்பட்டாங்க. லீ காசில்டன்ங்கிற தபால் நிலைய பொறுப்பாளர் 2007-ல வழக்குல தோத்து, 3,21,000 பவுண்டு செலவுத் தொகை கட்டச் சொன்னாங்க. பிழை கம்ப்யூட்டர்லன்னு 2019-ல தான் நீதிமன்றம் சொல்லுச்சு.

அதனால ஃபைல் மக்கர் பண்ற அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எத்தனை மணிக்கு என்ன எரர் வந்துச்சுன்னு மேனேஜருக்கு மெயில் போடுங்க. வாயால சொன்னா நிக்காது.

நீங்க அக்கவுண்ட்ஸ்ல இல்லையா? உங்க வேலை மூணு

1. மாசாமாசம் பேஸ்லிப்பை பி.டி.எஃப்.ஆ சொந்த மெயில்ல சேமிங்க. ஆபீஸ் மெயில் வேலையை விட்டதும் போயிடும்.
2. உமங் ஆப்ல பி.எஃப். பாஸ்புக் பாருங்க. பேஸ்லிப்ல பிடிச்ச தொகையும் அதுவும் ஒத்துப் போகுதா?
3. டி.டி.எஸ். பிடிக்கிறாங்கன்னா, வருமான வரி தளத்துல உங்க பேர்ல வரவு வச்ச டி.டி.எஸ். விவரத்தைப் பாருங்க. ஜூன் வரைக்கும் காத்திருக்காதீங்க.

அன்னைக்கு கணக்கு திரும்பி வராத ரெண்டு பேர்ல ஒருத்தர் ஹவுஸ்கீப்பிங் அக்கா. அவங்க பேஸ்லிப்பை எடுத்து வைக்கிற பழக்கமே இல்ல. பேப்பர் நோட்டு இல்லன்னா அவங்க அந்த மாசம் எத்தனை நாள் வேலை செஞ்சாங்கன்னு நிரூபிக்க வழியே இருந்திருக்காது. உங்க உழைப்புக்கு ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும். அடுத்த வீடியோவுல பி.எஃப். பாஸ்புக்கை வரிவரியா பார்ப்போம்.