காதற்பட முன்னோட்டங்கள்: உத்திகளும் அவை மறைப்பனவும்

ஒரு திரைப்படத்தை ஆராய முற்படும்போது முழுப்படத்தையே நாம் ஆய்வுப்பொருளாகக் கொள்கிறோம். ஆயின், படத்தைப் பார்ப்பதற்கு முன்னரே அதுபற்றிய ஓர் எதிர்பார்ப்பு நம் மனத்தில் உருவாக்கப்பட்டுவிடுகின்றது. அதனை உருவாக்கும் பிரதான சாதனம் முன்னோட்டமாகும். இரண்டு மூன்று நிமிடங்களே ஓடும் இத்துண்டுப்படம் வெறும் விளம்பரமெனப் புறக்கணிக்கப்படுவதுண்டு. எனினும், காதல் என்னும் உணர்வு எவ்வாறு ஒரு விற்பனைப் பண்டமாக வடிவமைக்கப்படுகின்றது என்பதை அறிய விழைவோர்க்கு இதனிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அவ்வடிவமைப்பின் உத்திகளையும், அவற்றின் வழியே சமூக நிலைமைகள் எவ்வாறு பின்னணிக்குத் தள்ளப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

முன்னோட்டத்தின் பிறப்பே வணிகத்தோடு பிணைந்ததாகும். 1913ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, லோ திரையரங்குகளின் விளம்பரப் பொறுப்பாளராயிருந்த நில்ஸ் கிரான்லண்ட் என்பார், ஓர் இசைநாடகத்தை விளம்பரப்படுத்துவதற்காகச் சிறு படமொன்றைத் திரையிட்டார். பின்னர் இத்தகைய துண்டுகள் படத்தின் முடிவிலே இணைத்துக் காட்டப்பட்டன. பின்னால் இழுபட்டு வருவது எனப் பொருள்படும் 'ட்ரெயிலர்' என்னும் ஆங்கிலப் பெயர் இதனாலேயே வழங்கலாயிற்று. 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நஷனல் ஸ்கிறீன் சேர்விஸ் என்னும் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் முன்னோட்டங்களைத் தயாரித்து விநியோகிப்பதிலே பல தசாப்தங்கள் முதன்மை பெற்றிருந்தது. படத்தை ஆக்கிய நெறியாளர் ஒருவராக, அதன் முன்னோட்டத்தை ஆக்குபவர் வேறொருவராக இருப்பது இத்துறையில் பெருவழக்காகும். கலைஞனின் நோக்கைக் காட்டிலும் விற்பனையாளனின் நோக்கே இங்கு மேலோங்குவதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

இனி, உத்திகளை நோக்குவோம். அவற்றுள் அடிப்படையானது படத்தொகுப்பு. ஒக்டோபர்ப் புரட்சியை அடுத்த ஆண்டுகளிலே, சோவியத் திரைப்பட அறிஞர் லெவ் குலெஷோவ், நடிகர் மொஸ்ஜுகினின் உணர்ச்சியற்ற முகத்தைக் காட்டும் ஒரே காட்சியைச் சூப்புக் கோப்பை, சவப்பெட்டி முதலியவற்றோடு மாறிமாறி இணைத்துக் காட்டினார். முகம் மாறவில்லை, ஆயினும் பார்வையாளர் அதிலே பசியையும் துயரையும் கண்டனர் என்பர். பொருள் தனிக்காட்சியில் அன்றிக் காட்சிகளின் சேர்க்கையிலேயே பிறக்கின்றது என்பதே இதன் சாரம். காதற்பட முன்னோட்டம் இவ்வுண்மையை முற்றாகப் பயன்படுத்திக் கொள்கின்றது. ஒரு காட்சியிலே ஆடவன் யாரையோ பார்க்கின்றான். முற்றிலும் வேறொரு காட்சியிலே பெண் தலைநிமிர்ந்து நோக்குகின்றாள். இரண்டும் அடுத்தடுத்து இணைக்கப்பட்டதும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினரென நாம் நம்பிவிடுகின்றோம். முழுப்படத்தில் ஒருபோதும் நிகழாத ஒரு சந்திப்பு தொகுப்பு மேசையிலே நிகழ்ந்துவிடுகின்றது.

இரண்டாவது உத்தி ஒலி பற்றியது. ஓரிடத்திற் பேசப்பட்ட வசனம் வேறிடங்களிற் படமாக்கப்பட்ட காட்சிகளின்மீது தொடர்ந்து ஒலிக்கின்றது. இதனால் ஒரு கணத்திற் கூறப்பட்ட சொல் வாழ்வு முழுவதற்குமான வாக்குறுதி போலத் தோற்றமளிக்கின்றது. சிதறிய துண்டுகளை இசை ஒருமைப்படுத்துகின்றது. படத்துக்குரிய இசை நிறைவுறுமுன்னரே முன்னோட்டம் தயாரிக்கப்படுவதுண்டு. அந்நிலையில் வேறு படங்களின் இசை இரவலாகக் கொள்ளப்படும். மூன்றாவது, காலத்தைக் கையாளும் முறை. தொடக்கத்திலே நீண்ட காட்சிகள் நிதானமாக வருகின்றன. சந்திப்பும் மகிழ்ச்சியும் காட்டப்படுகின்றன. தடையொன்று தோன்றியதும் காட்சிகள் குறுகி விரைகின்றன. உச்சத்திலே திரை இருள்கின்றது. ஒரு கண மௌனத்தின்பின் படத்தின் பெயர் தோன்றுகின்றது. இருவரும் இணைந்தனரா என்னும் வினாவுக்கு விடையளிக்காது விடுவதே இவ்வமைப்பின் நோக்கம். அவ்விடைக்குரிய விலையே நுழைவுச்சீட்டின் விலையாகும்.

இவ்வுத்திகள் வெறும் தொழில்நுட்பமல்ல என்பதை ஓர் உதாரணங்கொண்டு விளக்கலாம். வோர்ணர் சகோதரர் நிறுவனத்துக்காக மைக்கேல் கேர்ட்டிஸ் நெறிப்படுத்திய 'கசபிளாங்கா' 1942ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி நியூயோர்க்கிலே முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், அம்மாதம் 8ஆந் திகதி, நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கியிருந்தன. நாசிகளிடமிருந்து தப்பிய அகதிகள் பயண அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும் நகரமே கதைக்களம். ஹம்பிரி போகார்ட் ஏற்ற ரிக் என்னும் பாத்திரம், தான் நேசிக்கும் பெண்ணை, பாசிச எதிர்ப்பியக்கத் தலைவனான அவளது கணவனோடு அனுப்பிவிட்டுப் போராட்டத்தின் பக்கம் நிற்க முடிவுசெய்கின்றது. நடித்தோருட் பலர் உண்மையாகவே அகதிகளாயிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பீற்றர் லோர், மார்செல் டாலியோ, மடலின் லெபோ ஆகியோர் அவர்களுட் சிலர். நாசி அதிகாரியாக நடித்த கொன்ராட் வைட் என்பாரும் ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வெளியேறியவரே.

இப்படத்தின் முன்னோட்டம் இவற்றை எவ்வாறு எடுத்துரைக்கின்றது? சாகசத்தைத் தேடுவோர்க்குக் கசபிளாங்காவில் அது கிட்டும் என்னும் அழைப்போடு அது தொடங்குகின்றது. பின்னணிக்குரல் அகதிகளைக் குறிப்பிடத்தான் செய்கின்றது. ஆனால் சாகசக்காரர், தலைமறைவானோர், குற்றவாளிகள் என்போரோடு ஒரே வரிசையிலே வைத்துக் குறிப்பிடுகின்றது. அவர்கள் எதனிடமிருந்து தப்ப முனைகின்றனர் என்பது அவ்வறிமுகத்தில் விளக்கம் பெறவில்லை. அடுத்து, இவையெல்லாம் அழியாத காதலொன்றின் கவர்ச்சிமிக்க பின்னணியென அக்குரல் அறிவிக்கின்றது. 'பின்னணி' என்னும் இச்சொல்லிலேயே முன்னோட்டத்தின் கருத்துநிலை அடங்கியுள்ளது. வரலாறு அரங்க அலங்காரமாகின்றது. நாடிழந்தோர் துயர் காதலர்க்குப் பின்னே தொங்கவிடப்படும் திரைச்சீலையாகின்றது. காதலைத் துறந்து பொதுக்கடமையை ஏற்பதே படம் கூறும் முடிவு. முன்னோட்டமோ அக்காதலையே விலைகூறுகின்றது.

பிற்கால உதாரணமொன்றையும் நோக்கலாம். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த 'டைட்டானிக்' படத்துக்கு நான்கு நிமிடத்துக்கும் மேற்பட்ட முன்னோட்டமொன்று தயாரிக்கப்பட்டது. அமெரிக்கத் திரையரங்குகளில் அக்காலத்தே வழக்கிலிருந்த எல்லை இரண்டரை நிமிடமேயாகும். முதலாம் வகுப்புப் பெண்ணுக்கும் மூன்றாம் வகுப்பு இளைஞனுக்குமிடையிலான பிரிவு அதில் மறைக்கப்படவில்லை. எனினும், இருவரின் காதலுக்கு நேர்ந்த தடையாகவே அது அங்கு பொருள்படுகின்றது. 1912இல் அக்கப்பல் மூழ்கியபோது முதலாம் வகுப்பினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் உயிர் தப்பினர். மூன்றாம் வகுப்பினருள் தப்பியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேரே. இவ்வுண்மை உணர்த்தும் வர்க்கத்தின் கொடுமை ஈருயிரின் சோகத்துள் கரைந்துவிடுகின்றது.

முன்னோட்டமென்னும் வடிவமே இத்தகையதுதான் என நாம் முடிவுகட்டிவிடலாகாது. 1960ஆம் ஆண்டில் பிரெஞ்சு நெறியாளர் கொடார்ட் தமது 'மூச்சுத்திணறும்வரை' படத்துக்கு ஆக்கிய முன்னோட்டம் கதை சொல்வதையே தவிர்க்கின்றது. அழகிய பெண், தீய இளைஞன், கைத்துப்பாக்கி எனத் திரையில் வருவனவற்றை அது ஒவ்வொன்றாகப் பெயர்சுட்டிச் செல்கின்றது. எதிர்பார்ப்பு எவ்வெவ் உறுப்புகளாற் கட்டப்படுகின்றது என்பதை அந்த முன்னோட்டம் பார்வையாளர்க்கு வெளிப்படையாகவே காட்டிவிடுகின்றது. மயக்கும் உத்தி மயக்கத்தைக் கலைக்கவும் உதவும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சுருக்கத்தின் பொருட்டுச் சிலவற்றை விடுதல் எந்த முன்னோட்டத்துக்கும் தவிர்க்க முடியாதது. அதனை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. எதனை விடுவது, எதனை வைத்துக்கொள்வது என்னும் தெரிவே ஆராயத்தக்கது. மக்கள் எதனை விரும்புவர், எதனைக் கேட்க விரும்பார் என ஒரு காலத்து முதலாளிகள் கணித்தனரோ அக்கணிப்பின் ஆவணமாக முன்னோட்டம் எஞ்சிநிற்கின்றது. ஆகவே, திரைப்பட வரலாற்றை எழுதுவோர் முழுப்படத்தையும் அதன் முன்னோட்டத்தையும் அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். இரண்டுக்குமிடையே விடுபட்டுப்போனது யாது என வினவும்போதே, காதல் எனும் பெயரில் நமக்கு விற்கப்படுவது எது என்பதும் தெளிவாகும்.