மீக்கணினிப் பயனர் பயிற்சி: பணியும் வரிசையும்

சேர்வராயன் கோயில் அமைந்த மலைமுகட்டில் மழை பொழிகையில் அடிவாரச் சேலம் வறண்டிருத்தல் உண்டு. நிலத்தை 12 கி.மீ. கட்டங்களாகப் பகுக்கும் வானிலை மாதிரியில் இவ்வேறுபாடு மங்கலாகவே புலப்படும். 2025 மே மாதம் இந்தியா 6 கி.மீ. கட்டத்திற்கு மாறியது. கட்டத்தின் பக்கம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கால இடைவெளியும் பாதியாக வேண்டுமாதலின் கணக்கீடு ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

அதனைச் செய்யும் ‘அர்கா’ மீக்கணினி புனேயில் உள்ளது. தமிழக ஆய்வாளர்க்கு அணித்தாக இருப்பது, திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கப்பெற்ற ‘பரம் பொருள்’. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். இத்தகு பொறிகளைப் பயனர் நேரே இயக்குவதில்லை. எத்தனை செயலிகள், எவ்வளவு நேரம் எனக் குறித்துப் பணியை வரிசையில் இடுகிறார். நேரத்தை மிகுத்துக் கேட்பின் காத்திருப்பு நீளும்; குறைத்துக் கேட்பின் பணி இடையில் அறுபடும். வரவிருக்கும் பயிற்சிப் பட்டறைகள் நிரல்மொழிக்கு முன்னரே இம்மதிப்பீட்டைக் கற்பித்தல் வேண்டும்.

கலைச்சொல்லிலும் ஓர் இடர் உண்டு. ‘வரிசை’ என்றவுடன் முந்தி வந்தவர்க்கே முதலிடம் எனத் தமிழ் மாணவர் கொள்வர். இங்கோ பெரும்பணிக்கு இடம் ஒழியும் வரை சிறுபணிகள் இடையே புகுந்து முடிந்துவிடும். ‘காத்திருப்புப் பட்டியல்’ என்பதே பொருந்துவது.